பங்காளிக்கு ஒரு புரவி

விராச்சிலை
வெகுதானிய வருஷம், ஆவணி 10

ஆவுடையப்பனுக்கு அண்ணன் சேவுகன் எழுதுவது.

க்ஷேமம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று ஆத்தா சொன்னாள். மாட்டேன். நீ க்ஷேமமாக இருக்கிற சேதி திருமயம் கடைவீதி முழுக்கத் தெரிந்திருக்கிறது. ராயவரத்து வீட்டு மோட்டார் டிரைவர் சந்தை நடுவில் நின்றுகொண்டு, "எங்க சின்ன செட்டியார் மெட்ராஸ்ல ஏரோப்பிளேன் ஓட்டப் படிக்கிறாங்க" என்கிறான். "ஒங்களுக்குத் தெரியாதாங்க?" என்று என்னையே கேட்கிறான். "ஏன் தெரியாம?" என்று சொல்லிவிட்டு வாங்க வந்ததை வாங்காமல் திரும்பினேன்.

ஏண்டா, உடன்பிறந்தவனுக்கு ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லையா?

கண்மாய் வற்றிக் கிடந்த அந்தக் கோடை ஞாபகம் இருக்கிறதா? வழி தப்பிய விமானம் ஒன்று நம் கண்மாய்க்குள் இறங்கியது. எனக்கு அப்போது பத்து வயசு. ஓடிப்போய் அதன் இறக்கையைத் தொட்டவன் நான். நீ ஆத்தா சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாய். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு வேறு ஆசையே கிடையாது. அது உனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

மூத்த பிள்ளையை வேறு வீட்டுக்குக் கொடுப்பது வழக்கமில்லை. அதனால் போன தையில் ராயவரத்தார் உன்னைச் சுவீகாரம் கேட்டார்கள். மஞ்சள் நீர் குடித்து நீ அந்த வீட்டுப் பிள்ளையானாய். எனக்கு ஆறுதலுக்கு ஒரு கைக்கடிகாரம் கட்டிவிட்டார்கள். வீடு போகட்டும், கார் போகட்டும், வைரக் கடுக்கன் போகட்டும். நான் வாய் திறந்தேனா? இது மட்டும் பொறுக்கவில்லையடா. கொல்லைப் புளியமரத்தில் ஏறப் பயந்தவன் நீ.

நடந்தது அத்தனையும் எழுது. ஒன்றையும் விடாதே.

சேவுகன்

* * *

மதராஸ்
ஆவணி 21

அன்புள்ள அண்ணனுக்கு ஆவுடையப்பன் வணக்கம்.

எழுதாதது தப்புத்தான். எழுத உட்காரும்போதெல்லாம் உங்கள் முகம் முன்னால் வந்தது.

இது நான் கேட்டு வந்ததில்லை. ராயவரத்து அப்பச்சி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அங்கே யாரோ, தன் பிள்ளை குதிரைப் பந்தயத்தில் ஜெயித்ததைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அப்பச்சி, "எம் மகன் ஆகாசத்துல போவான்" என்றார். மறுவாரம் என்னைக் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டார். விமான மைதானம் பரங்கிமலைப் பக்கம் இருக்கிறது.

விமானம் சின்னது. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி மெழுகியிருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குழிகள். முன்குழியில் வாத்தியார் துரை, பின்குழியில் நான். என் தொப்பிக் காதுக்கும் அவர் வாய்க்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய். அதன் வழியாகத்தான் திட்டுகிறார். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு பிடிகோல். முன்னால் தள்ளினால் மூக்கு இறங்கும், இழுத்தால் ஏறும். இரண்டு குழியிலும் கோல் உண்டு. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். காலடியில் ஒரு கட்டை, இடம் வலம் திருப்ப.

முதல் நாள் வாந்தி எடுத்தேன். இரண்டாம் நாளும். ஆத்தாவிடம் சொல்லாதீர்கள். ஆத்தா என்று எழுதிவிட்டேன். இப்போது அவள் எனக்குப் பெரியாத்தா அல்லவா; பெரியாத்தாவிடம் சொல்லாதீர்கள். ராயவரத்து வீட்டில் ஒருநாள் வாய் தவறி அப்படிச் சொல்லப்போய் எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

அண்ணே, சத்தியமாகச் சொல்கிறேன். நான் தேறி லைசென்ஸ் வாங்கினால் முன்குழியில் முதலில் உட்காரப்போகிறவர் நீங்கள்தான்.

ஆவுடையப்பன்

* * *

விராச்சிலை
புரட்டாசி 6

தம்பிக்கு,

உன் கடிதத்தை மனப்பாடம் பண்ணிவிட்டேன். மாட்டுக் கொட்டகையில் முக்காலி போட்டு, முழங்காலுக்கு நடுவில் உலக்கையை நட்டு, பலகை ஒன்றைக் கயிறு கட்டிக் காலில் மிதித்துப் பழகுகிறேன். ஏறுகிறேன், இறங்குகிறேன், இடப்பக்கம் சாய்ந்து திரும்புகிறேன். நேற்று உலக்கையைத் தேடிவந்த ஆத்தா பார்த்துவிட்டாள். "எவ கண்ணு பட்டுச்சோ, எம் புள்ளைக்கு இப்புடி ஆயிருச்சே" என்று மிளகாய் சுற்றிப் போட்டாள்.

சிரிக்காதே. நீ சிரிப்பாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

பர்மாவில் மோல்மீனிலிருந்து நம்மைப் பெற்ற அப்பச்சியின் கடிதம் வந்தது. சித்திரை கழிந்ததும் நான் கப்பலேற வேண்டுமாம். அவர் வேலை பார்க்கிற கடையிலேயே பெட்டியடிப் பையனாக என்னை உட்கார வைக்கிறார். மூன்று வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்ப முடியும். முதலாளிக்கு முந்தி எழுந்து, பிந்திப் படுத்து, பெட்டியைக் காவல் காப்பது. இதுதான் மூத்தவனுக்கு.

நீ ஆகாசத்தில், நான் பெட்டியடியில். பொறாமையா என்று கேட்டால் ஆமாம். வயிறு எரிகிறது. உன் கடிதம் வந்தால் படிக்காமல் இருக்க முடியவில்லை, படித்தால் தூக்கம் வரவில்லை.

வாந்தி வந்தால் எலுமிச்சம்பழத்தை மோந்து பார். பிடிகோலை அமுக்கிப் பிடிக்காதே. ஏர் மேழியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலை வைத்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சேவுகன்

* * *

மதராஸ்
ஐப்பசி 12

அண்ணனுக்கு வணக்கம்.

இரண்டு விரல் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே பிடித்தேன். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று துரை குழாயில் கேட்டார். "என் அண்ணன்" என்றேன். "அவர் எங்கே பறக்கிறார்?" என்றார். உலக்கையைப் பற்றி நான் சொல்லவில்லை.

மேலே போனால் இப்போது பயமில்லை. இறங்குவதுதான் வரமாட்டேன் என்கிறது. தரை நெருங்கும்போது, சரியான உயரத்தில், மெதுவாகக் கோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த உயரம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. மைதானம் முழுக்க ஒரே புல். பத்தடியா முப்பதடியா என்று எப்படித் தெரியும்? சீக்கிரம் இழுத்தால் தொப்பென்று விழுகிறது. தாமதித்தால் தரையில் மோதித் துள்ளுகிறது. நேற்று கண்ணை மூடிக்கொண்டேன். துரை கெட்ட வார்த்தை சொன்னார்.

மார்கழி பிறப்பதற்குள் தனியாக ஓட்டிக் காட்டாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். ராயவரத்து அப்பச்சி முகத்தில் எப்படி விழிப்பேன்? எந்த உரிமையில் அந்த வீட்டில் சாப்பிடுவேன்?

இத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். தோல் கோட்டு, தோல் தொப்பி, கண்ணாடி எல்லாம் லண்டனிலிருந்து வரவழைத்தது. எனக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். பெரியாத்தாவுக்குக் காட்டுங்கள்.

ஆவுடையப்பன்

* * *

விராச்சிலை
கார்த்திகை 3

ராயவரம் சின்ன செட்டியார் ஆவுடையப்பன் அவர்களுக்கு,

காட்டினேன். ஆத்தா போட்டோவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சட்டம் போட்டு முற்றத்து வளவில் மாட்டிவிட்டாள். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டுகிறாள். "இது எளையவன். மூத்தவன் கொட்டாயில உலக்கைய வச்சு வெளையாடுறான்" என்று சொல்லிச் சிரித்தாள். மருதாயியிடம் சொன்னாள். வாசல் தெளிக்கிற மருதாயியிடம்!

அவள் சிரித்ததில் விஷம் இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் நான் விடுவிடுவென்று கண்மாய்க்கரை அய்யனார் கோயிலுக்குப் போனேன். என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? மறைக்காமல் எழுதுகிறேன். "அவன் தேறக் கூடாது. தோற்றுப்போய்த் திரும்ப வேண்டும். திரும்பினால் உனக்கு ஒரு மண்புரவி செய்து வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். ஆளுயரப் புரவி இல்லை, அதற்கும் மேலே.

இதையெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன்? மஞ்சள் நீர் குடித்த அன்றே நீ தம்பி இல்லை, பங்காளி. பங்காளியிடம் மறைக்க என்ன இருக்கிறது?

தோல் கோட்டு உனக்குப் பொருந்தவில்லை. தோள் தொங்குகிறது.

சேவுகன்

* * *

மதராஸ்
கார்த்திகை 11

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாளில் என்னைத் தனியாக அனுப்பப்போகிறார்கள். முன்குழி காலியாக இருக்கும். உங்கள் நேர்த்தி பலித்தால் நான் தோற்றுத் திரும்புவேன் என்று நினைத்தீர்கள். ஆகாசத்தில் தோற்கிறவன் ஊருக்கு எப்படித் திரும்புவான் என்று யோசித்தீர்களா?

பங்காளி என்று எழுதினீர்கள். சரி. ஆத்தாவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் சிரித்துவிட்டாள் என்று கோபித்துக்கொள்ள உங்களால் முடிகிறது. எனக்கு அதற்குக்கூட வழியில்லை.

இனி எழுத மாட்டேன்.

ஆவுடையப்பன்

* * *

விராச்சிலை
மார்கழி 2

அப்பனே ஆவுடையப்பா,

மூன்று கார்டு போட்டுவிட்டேன். பதில் இல்லை. தந்தி வந்தால் யாருக்கு வரும்? ராயவரத்துக்குத்தான் வரும், எங்களுக்கு வராது. தினம் திருமயம் போய் அந்த டிரைவர் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவன் பல்லைக் காட்டினால்தான் எனக்குச் சோறு.

நீ கேட்ட கேள்வியைப் படித்த அன்றே கோயிலுக்கு ஓடினேன். நேர்த்தியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். பூசை செய்கிற மூக்கன் வேளார்தானே புரவியும் செய்கிறவர். அவர், "அதெல்லாம் திருப்பி வாங்க முடியாதுங்க, அய்யனாரு என்ன மளிகைக் கடையா வச்சிருக்காரு?" என்றார்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. காரியம் நடந்த பிறகு கொடுத்தால்தானே அது நேர்த்திக்கடன்? நீ தோற்றுத் திரும்புமுன்பே கொடுத்துவிட்டால்? அய்யனாருக்கு நம்மிடம் வாங்க வேண்டியது எதுவும் இல்லை, அதனால் செய்ய வேண்டியதும் எதுவும் இல்லை. வேளாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "நாயந்தான்" என்றார். ராயவரத்தார் கட்டிவிட்ட கடிகாரத்தை விற்றேன். ஈரம் காய்கிற வரைக்கும் பொறுக்க முடியாமல் நான் போய் நின்றுகொண்டே இருந்ததில் வேளார் என்னை அடிக்க வந்துவிட்டார். நேற்று புரவியை வைத்தாயிற்று. கரைக்கு உள்பக்கம், கண்மாயைப் பார்த்து நிற்கிறது. சுண்ணாம்பு அடித்து வெள்ளைவெளேர் என்று இருக்கிறது. குளம்பிலிருந்து காது வரைக்கும் சரியாக, என் தோளில் நீ ஏறி நின்றால் உன் கண் இருக்குமே, அந்த உயரம். நாவல்பழம் பறிக்க அப்படித்தானே ஏற்றிவிடுவேன். வேறு அளவு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ பறந்தாயா? இறங்கினாயா? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சேவுகன்

* * *

மதராஸ்
தை 9

அண்ணனுக்கு,

பறந்தேன். இறங்கினேன். இரண்டு முறை துள்ளியது, கவிழவில்லை. துரை, "உயிர் பிழைத்தாய், அதனால் பாஸ்" என்றார். அப்புறம் நடந்த சோதனைகளிலும் தேறி இப்போது லைசென்ஸும் வந்துவிட்டது. இறங்குவது மட்டும் இன்னும் குருட்டாம்போக்குத்தான்.

கோபம் தீரவில்லை. ஆனால் புரவிக் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கோபத்தைப் பிடித்துவைப்பது கஷ்டமாக இருக்கிறது.

ஒரு சேதி. சொல்லாமல் விட்டால் மறுபடி டிரைவர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். சித்திரையில் திருச்சி வழியாக ராயவரத்துக்கு விமானத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார் அப்பச்சி. சுற்றுவட்டம் முழுக்க அழைப்பு. எனக்குப் பெண் பேசி முடித்திருக்கிறார்கள். பெண்ணின் அண்ணனைத்தான் முதலில் ஏற்றிக்கொண்டு சுற்ற வேண்டும், அதுதான் சம்பந்த மரியாதை என்று அப்பச்சி சொல்லிவிட்டார். உங்களுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன் என்று சொன்னேன். "யாரு, விராச்சிலைப் பையனா? அவுங்க பங்காளி வரிசையில வந்து நிக்கட்டும்" என்றார்.

நீங்கள் வாருங்கள் அண்ணே. இரண்டாவதாகவாவது ஏற்றுகிறேன்.

ஆவுடையப்பன்

* * *

விராச்சிலை
பங்குனி 20

தம்பிக்கு,

உனக்கு முந்தி எனக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று ஊர் கேட்கிறது. வேறு வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு இல்லை என்று ஆத்தா பதில் சொல்கிறாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

நான் வரமாட்டேன். எவனோ ஒரு மைத்துனன் என் இடத்தில் உட்காருவதைப் பந்தலில் நின்று பார்த்துக் கை தட்ட வேண்டுமா? நீ பேசிப் பார்த்தாய் என்பதை நம்புகிறேன். இரண்டாவதாக என்று எழுதினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கண்மாய் வற்றி வெடித்துக் கிடக்கிறது. பொழுது போகாமல் தினம் காலையில் அதற்குள் நடக்கிறேன். புரவிக்கு நேரே மேற்கு வரைக்கும் பள்ளம் இல்லை, கல் இல்லை; இருந்த இரண்டு கருவேலங்கன்றையும் வெட்டிப் போட்டேன். சருகைக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறேன். கிறுக்குத்தான். உலக்கையை ஆத்தா ஒளித்து வைத்துவிட்டாள், வேறு என்ன செய்ய?

வைகாசி ஐந்தாம் தேதி மெட்ராசில் கப்பல். நீ ராயவரத்தில் சுற்றுகிற நேரம் நான் கண்மாயில் உட்கார்ந்திருப்பேன். சத்தமாவது கேட்குமா பார்க்கிறேன்.

சேவுகன்

* * *

மதராஸ்
பிரமாதி வருஷம், சித்திரை 22

அண்ணனுக்கு ஆவுடையப்பன் வணக்கம்.

நீங்கள் பார்த்ததை எழுத மாட்டேன். பார்க்காததை எழுதுகிறேன்.

ராயவரத்துக்கு மேலே வந்து எட்டிப் பார்த்தால், எனக்கென்று முள் வெட்டிச் சமப்படுத்திய பொட்டலைக் காணோம்! முழுக்கப் பந்தல் போட்டிருந்தார்கள். வாழைமரம், ஜமுக்காளம், நாயனக்காரர், பந்தி இலைகூட விரித்திருந்தார்கள். அப்பச்சியிடம் பிறகு கேட்டேன். "வந்த விருந்தாளிய வெயில்ல நிறுத்துறதா? மரியாதை என்னாகுறது? நீ ஓரமா எறங்குவேன்னு நெனச்சேன்" என்றார். ஓரம் எங்கே இருந்தது? எல்லாரும் அண்ணாந்து துண்டை வீசுகிறார்கள். மைத்துனர் மாலையோடு நிற்கிறார். நான் மேலேயே மூன்று சுற்றுச் சுற்றினேன். பெட்ரோல் பாதியாகிவிட்டது. மேற்கே பார்த்தேன். தூரத்தில் உங்கள் சருகுப் புகை தெரிந்தது.

அண்ணே, நான் வாழ்க்கையில் துள்ளாமல் இறங்கியது நம் கண்மாயில் அந்த ஒரு முறைதான். புல்வெளியில் எனக்கு உயரம் தெரியாது. ஆனால் உங்கள் தோளில் நின்றால் தரை எவ்வளவு கீழே இருக்கும் என்று என் கண்ணுக்குத் தெரியும். புரவியின் காதும் என் கண்ணும் நேரே வந்ததும் கோலை இழுத்தேன். அவ்வளவுதான்.

ஆத்தா ஓடிவந்தாள். ஊரார் கூடிவிட்டதால், "வாங்க, ராயவரத்துத் தம்பி" என்றாள். நானும் "பெரியாத்தா" என்றேன். இஞ்சினை நான் நிறுத்தவில்லை, ஞாபகமிருக்கிறதா? அந்த இரைச்சலுக்குள் ஆத்தா, ஆத்தா என்று கத்திக்கொண்டிருந்தேன். யாருக்கும் கேட்டிருக்காது.

மைத்துனருக்கென்று வைத்திருந்த தொப்பியை நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். மேலே போனதும் குழாயில் உங்கள் குரல்: "கைய எடுடா, நான் பிடிக்கிறேன்." எடுத்தேன். அதன் பிறகு இறங்குகிற நேரம் வரைக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை. நேரே போனது, இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது, திருமயம் கோட்டையைச் சுற்றி வந்தது. ஒரு ஆட்டம் இல்லை. நான் இத்தனை மாதம் திட்டு வாங்கியும் வராத திருப்பம் அது. பின்குழியில் உட்கார்ந்து உங்கள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சந்தோஷப்பட்டேன் என்றுதான் எழுத நினைத்தேன். இல்லை அண்ணே. வயிறு எரிந்தது.

உங்களை முதலில் ஏற்றியதற்கு வந்த அப்பச்சி கோபம், நீங்கள் ஓட்டியதைச் சொன்னதும் ஆறிவிட்டது. ஒரு ஏரோப்பிளேனுக்கு இரண்டு ஓட்டுநர் இருந்தால் பெருமை என்று இப்போது பேசுகிறார். உங்களையும் இங்கே சேர்க்கச் சொல்லி நான் கேட்டால் தட்ட மாட்டார். மோல்மீனுக்கும் அவரே எழுதிவிடுவார். ஒரு வார்த்தைதான்.

நான் இன்னும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தால் அந்தத் திருப்பம் ஞாபகம் வருகிறது. நீங்கள் வந்துவிட்டால் இங்கே நான் யார்? ஆத்தாவும் உங்களுக்கு, ஆகாசமும் உங்களுக்கா?

உங்களிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். கேட்கிற மனசு எனக்கு வர வேண்டும் என்று அய்யனாருக்கு ஒரு புரவி நேர்ந்திருக்கிறேன். மூக்கன் வேளாரிடம் சொல்லிவையுங்கள்.

ஆவுடையப்பன்

* * *

விராச்சிலை
சித்திரை 26

தம்பிக்கு,

வேளாரிடம் சொல்லிவிட்டேன். என்ன நேர்த்தி என்று கேட்டார். பங்காளிச் சமாசாரம் என்றேன். "முன்னமே குடுத்துர்றதா, நடந்த பெறகா?" என்றார். நடந்த பிறகுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அய்யனார் வேலை செய்துவிட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

ஆத்தா, நீ கத்தியது கேட்டது என்றாள்.

பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். வைகாசி மூன்றாம் தேதி திருச்சியில் ரயில் ஏறுகிறேன். எப்படியும் மெட்ராசுக்குத்தான் வர வேண்டும். எழும்பூரில் வந்து நில். துறைமுகத்துக்கா, பரங்கிமலைக்கா என்று வண்டிக்காரனிடம் நீ சொல்.

சேவுகன்